சங்கத்தில் ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்

உங்கள் ஊரில் ரோட்டரி சங்கமோ அரிமா சங்கமோ அநேகமாக இருக்கும். பேருந்து நிறுத்த நிழற்குடையில், அரசுப் பள்ளிக் கழிப்பறைச் சுவரில், எரிவாயு தகன மேடையின் வாசலில் அவற்றின் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சங்கத்தின் வாராந்திரக் கூட்டத்துக்குள் போய்ப் பார்த்தவர்கள் மட்டும் குறைவு. மில் முதலாளியும் டாக்டரும் கூடிச் சாப்பிட்டுவிட்டுக் கலைகிற இடம், அங்கே நமக்கு என்ன வேலை என்று ஒதுங்கிவிடுகிறோம். வேலைக்குச் சேர்ந்து நாலைந்து ஆண்டு ஆனவர்களும், சொந்தமாகக் கடையோ பட்டறையோ தொடங்கியவர்களும் இப்படி ஒதுங்குவது பெரிய இழப்பு. கூட்டம் நடத்த, மேடையில் பேச, பொதுப் பணத்துக்குக் கணக்குக் காட்ட, சம்பளம் வாங்காத மனிதர்களை வேலையில் இறக்க ஒருவர் எங்கே பழகுவது? அலுவலகத்தில் பதவி உயர்வு வந்த பிறகுதான் அந்த வாய்ப்பெல்லாம் வரும். அப்போது பழகிக்கொள்ள நேரம் இருக்காது. சங்கத்தில் கேட்டால் அடுத்த வாரமே கிடைக்கும்.

கூட்டம் எப்படி நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறு நகரங்களில் பெரும்பாலும் மாலை ஏழு, ஏழரைக்குக் கூடுவார்கள். இடம் ஓர் ஓட்டலின் மாடியாகவோ சங்கத்தின் சொந்தக் கட்டடமாகவோ இருக்கும். தலைவர் சிறு சுத்தியலால் மணியைத் தட்டுவார். தமிழ்த்தாய் வாழ்த்தோ இறைவணக்கமோ முடிந்ததும் விருந்தினர் அறிமுகம். அந்த வாரம் பிறந்த நாளும் திருமண நாளும் கொண்டாடும் உறுப்பினர்களுக்கு வாழ்த்து. அடுத்துச் செயலாளர் எழுந்து, ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு எத்தனை பேர் வேண்டும், போன மாதத் திட்டத்துக்குச் செலவு எவ்வளவு, மாவட்ட ஆளுநர் எப்போது வருகிறார் என்று அறிவிப்புகளைச் சொல்வார். இந்த ஆளுநர் ரோட்டரி தன் வசதிக்குப் பிரித்துக்கொண்ட மாவட்டத்துக்குத் தலைமை வகிப்பவர், அரசுப் பதவிக்காரர் அல்லர். பிறகு சிறப்புப் பேச்சாளர் இருபது, இருபத்தைந்து நிமிடம் பேசுவார். கேள்விகள், நன்றியுரை, நாட்டுப்பண், மறுபடியும் மணி. கடைசியில் சாப்பாடு. சங்கத்தார் அதை ‘ஃபெல்லோஷிப்’ என்பார்கள். ரோட்டரியில் 2016-இல் விதிகள் தளர்ந்த பிறகு மாதம் இரண்டு முறை மட்டும் கூடும் சங்கங்களும் இருக்கின்றன. உங்களுக்குத் தெரிவு இருந்தால் வாராவாரம் கூடும் சங்கத்தையே பிடியுங்கள். பதினைந்து நாள் இடைவெளியில் பழக்கம் விட்டுப்போகும்.

புதிதாகச் சேர்ந்தவர் முதலில் கேட்டு வாங்க வேண்டிய வேலை நன்றியுரை. அதை யாரும் பெரிதாக மதிப்பதில்லை என்பதால் உடனே கொடுத்துவிடுவார்கள். நன்றி சொல்ல வேண்டியவர் பேச்சு முழுவதையும் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும். அதற்காகவே அந்த வேலையைச் சொல்கிறேன். ஒரு சிறு தாளில் பேச்சாளர் சொன்ன இரண்டு விஷயங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ‘அருமையான உரை, ஆழமான கருத்துகள்’ என்று பொதுவாகச் சொன்னால் நீங்கள் கேட்கவே இல்லை என்று பேச்சாளருக்குத் தெரிந்துவிடும். ‘சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தண்ணீர் எப்படிக் குடிக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதை இன்றைக்கே வீட்டில் போய்ச் சொல்வேன்’ என்பது போல ஒரு வாக்கியம் போதும். ஒன்றரை நிமிடத்துக்குள் முடித்து உட்காருங்கள். நாலைந்து முறை இப்படிச் செய்தவருக்கு, அலுவலகத்தில் ஒரு மணி நேர விளக்கக் கூட்டம் முடிந்ததும் மேலாளர் திரும்பிப் பார்த்து ‘நீங்க என்ன நினைக்கிறீங்க?’ என்று கேட்டால் வாய் குழறாது.

அடுத்து, பேச்சாளரை அறிமுகப்படுத்தும் வேலை. இதில் பாதி வேலை மேடைக்கு வெளியே நடக்கிறது. இரண்டு நாள் முன்பே அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பெயரை எப்படி உச்சரிப்பது, தலைப்பெழுத்து என்ன, எந்தப் பொறுப்பைக் குறிப்பிடலாம், எதைத் தவிர்க்கலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் அனுப்பும் மூன்று பக்க சுயவிவரத்தை அப்படியே வாசிப்பது அவையை வதைப்பது. அன்றைய தலைப்பில் பேச இவருக்கு என்ன தகுதி என்று மட்டும் சொல்லிவிட்டு ஒலிவாங்கியைக் கொடுங்கள். புது வாடிக்கையாளரைச் சந்திக்கப் போகுமுன் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ளும் பழக்கமும் இதுவும் ஒன்றுதான்.

சங்கத்தில் மிக அதிகம் கற்றுக்கொள்பவர் யார் என்று கேட்டால், தலைவரைவிடச் செயலாளரைத்தான் சொல்வேன். மேடையும் மணியும் தலைவருக்குப் போகின்றன. வேலை செயலாளரிடம் இருக்கிறது. யாருக்குக் கடிதம் போக வேண்டும், எந்த உறுப்பினர் மூன்று வாரமாக வரவில்லை, எந்தப் பள்ளித் தலைமையாசிரியர் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதை மட்டும் ஓர் ஆண்டு ஒழுங்காகச் செய்து பாருங்கள். பலர் அதை யார் என்ன பேசினார்கள் என்ற கதையாக எழுதுகிறார்கள். என்ன முடிவானது, யார் செய்வது, எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணம் என்ற நான்கும் இருந்தால் அது நல்ல குறிப்பு. ‘பள்ளிக்கு நாற்காலி வழங்குவது பற்றி விவாதிக்கப்பட்டது’ என்று எழுதினால் நாற்காலி வராது. யார் கடைக்குப் போய் விலை கேட்டு வருகிறார், எந்தக் கூட்டத்தில் சொல்லப்போகிறார் என்று எழுதினால் வரும். குறிப்பை அன்று இரவே எழுதிவிட வேண்டும். இரண்டு நாள் போனால் யார் பொறுப்பேற்றார் என்பதில் ஆளுக்கொரு நினைவு இருக்கும்.

கூச்சம் அதிகம் உள்ளவர்களுக்கு அரிமா சங்கத்தில் ஓர் அருமையான பொறுப்பு இருக்கிறது. ‘டெயில் ட்விஸ்டர்’ என்று பெயர். தாமதமாக வந்தவருக்கும் கூட்டத்துக்கு நடுவில் செல்பேசி அலற விட்டவருக்கும் சிறு அபராதம் போட்டு, எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டே காசை வசூலிப்பவர். தன்னைவிட முப்பது வயது மூத்த ஒருவரிடம், அவர் முகம் வாடாமல், ‘அண்ணே, இன்னிக்கு நீங்க இருபது நிமிஷம் லேட்’ என்று சொல்லத் தெரிந்துகொள்வது அங்கேதான். மூத்தவர்களின் தவறை எப்படிச் சுட்டுவது என்று தெரியாமல் அலுவலகத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்!

இனி, சங்கத்தில் செய்யக் கூடாத காரியம். சாப்பாட்டு நேரத்தில் மேசைக்கு மேசை விசிட்டிங் கார்டு கொடுத்துக்கொண்டு போகாதீர்கள். சங்கத்தில் வியாபாரம் தேடும் இந்த ஆசை புதியது இல்லை. ரோட்டரி தொடங்கிய கதையே அதுதான். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் யூனிட்டி கட்டடத்தின் 711-ஆம் அறையில் நான்கு பேர் கூடினார்கள்: வழக்கறிஞர் பால் ஹாரிஸ், சுரங்கப் பொறியாளர் கஸ்டவஸ் லோர், நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீல், தையற்கடைக்காரர் ஹிராம் ஷோரி. பெருநகரில் நண்பர்கள் இல்லாத தனிமையில் ஹாரிஸுக்குத் தோன்றிய யோசனை அது. ஒவ்வொருவர் அலுவலகத்திலும் மாறி மாறிக் கூடினார்கள். ஒரு தொழிலுக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆள் சேர்த்தார்கள். ஒருவர் மற்றவருக்கு வியாபாரம் தர வேண்டும் என்பது வெளிப்படையான நோக்கமாக இருந்தது. யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கிடைத்தது என்று கணக்கு வைக்க ஒரு பொறுப்பாளரே இருந்தார். 1906-இல் டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வழக்கறிஞரை உறுப்பினராகச் சேரச் சொன்னபோது, தங்களுக்குள்ளேயே லாபம் பார்த்துக்கொள்ளும் சங்கம் நிலைக்காது, ஊருக்கு ஏதாவது செய்யும் நோக்கம் வேண்டும் என்று சொல்லி மறுத்தார். ‘அப்படியானால் விதியைத் திருத்த நீங்களே வாருங்கள்’ என்று அழைத்தார்கள். அவர் வந்தார். அதன் பிறகு சிகாகோ சங்கம் கையில் எடுத்த முதல் பொதுக் காரியம் நகரில் பொதுக் கழிப்பறை அமைக்க வேண்டும் என்பது. நம் ஊர் அரசுப் பள்ளிக் கழிப்பறைச் சுவரில் ரோட்டரியின் சக்கரச் சின்னத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் காப்புரிமை வழக்கறிஞர்தான் நினைவுக்கு வருவார்.

வியாபாரப் பரிந்துரைதான் தேவை என்றால் அதற்கென்றே பி.என்.ஐ. போன்ற அமைப்புகள் உள்ளன. காலைச் சிற்றுண்டி வேளையில் கூடி நேரடியாக அதையே பேசுவார்கள். அது முறையான வழி, அங்கே போங்கள். சேவைச் சங்கத்தில் வியாபாரம் வராது என்று நான் சொல்லவில்லை, தாமதமாக வரும். முகாமில் காலை ஆறு மணிக்கு வந்து மேசை தூக்கிப் போட்டவர் யார், பில்லோடு மீதிப் பணத்தை அன்றே திருப்பிக் கொடுத்தவர் யார் என்பதை நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு ஆறு மாதம் கழித்து ஒரு கட்டடப் பொறியாளரோ தணிக்கையாளரோ தேவைப்படும்போது யாரைக் கூப்பிடுவார் என்று உங்களுக்கே தெரியும்.

முகாம் என்று சொன்னேன். ஒரு கண் பரிசோதனை முகாமை முழுதாக நடத்திப் பார்த்தவர் திட்ட மேலாண்மை வகுப்பில் சொல்வதில் பெரும்பகுதியைக் கையால் செய்து பார்த்துவிடுகிறார். மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை கிராமங்களைச் சென்றடைந்ததில் இத்தகைய முகாம்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மருத்துவர்களும் கருவிகளும் மருத்துவமனையின் பொறுப்பு. இடம் பிடிப்பதும் விளம்பரம் செய்வதும் ஆட்களைத் திரட்டுவதும் அரிமா, ரோட்டரி போன்ற உள்ளூர் அமைப்புகளின் பொறுப்பு. இந்த வேலைப் பிரிவினையே முதல் பாடம். எது நம் வேலை, எது அவர்கள் வேலை என்று முதல் நாளே எழுத்தில் இருந்தால் சண்டை வராது.

அந்த வேலையில் எத்தனை நுணுக்கம் என்று பாருங்கள். ஞாயிறன்று அரசுப் பள்ளி வேண்டுமென்றால் தலைமையாசிரியரிடம் எப்போது கடிதம் கொடுப்பது? வாட்ஸ்அப் விளம்பரம் பேரன் செல்பேசிக்குத்தான் போகிறது. கண்புரை உள்ள பாட்டிக்குச் சேதி போக வேண்டுமென்றால் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித்தான் போக வேண்டும், ரேஷன் கடையிலும் பால் சொசைட்டியிலும் சொல்லி வைக்க வேண்டும். காலை எட்டு மணிக்கே வந்துவிடும் முதியவர்களுக்கு நாற்காலியும் குடிநீரும் எங்கே? சர்க்கரை நோயாளிகள் சாப்பிடாமல் வந்திருப்பார்களே? அறுவை சிகிச்சைக்குத் தேர்வானவர்களை அன்றைக்கே பேருந்தில் அழைத்துப்போக வேண்டும் என்றால், மாற்றுத் துணி எடுத்து வரச் சொல்லி முன்கூட்டியே யார் சொன்னது? ‘வீட்ல கேட்டுட்டு அடுத்த தடவ வர்றேன் தம்பி’ என்று பின்வாங்கும் பெரியவரிடம் உட்கார்ந்து பேசுவது யார்? இந்தக் கடைசி வேலையை வாய்ப்பிருந்தால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். பயந்த மனிதர் ஒருவரின் பயத்தைக் கேட்டு, அதை அவர் மொழியிலேயே தீர்த்து, பேருந்தில் ஏற்றிவிடுவதை எந்தப் பயிற்சி நிறுவனமும் உங்களுக்குச் சொல்லித் தராது. மூன்றாம் நாள் அவர் பார்வையோடு திரும்பி வரும்போது அங்கே நில்லுங்கள்.

முகாம் முடிந்த வாரக் கூட்டத்தில் அறிக்கை வாசிக்க வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்குக் கண்ணாடி, எத்தனை பேர் அறுவை சிகிச்சைக்கு, செலவு என்ன, எங்கே தடுமாறினோம் என்று ஒரே பக்கத்தில். அந்தத் தாளின் ஒரு படியை வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் ‘தலைமைப் பண்பு உண்டா’ என்று கேட்பவரிடம் பெயரடைகளைக் கொட்டாமல் அந்த எண்களைச் சொல்லலாம்.

ரோட்டரியில் தலைவர் பதவி ஓராண்டுதான். ஜூலை 1 வந்தால் புதிய தலைவர், புதிய செயலாளர். பார்த்தால் பலவீனம் போலத் தெரியும். ஆனால் 1985-இல் போலியோ ஒழிப்பை உலகளாவிய திட்டமாக எடுத்தவர்கள் இதே அமைப்பைச் சேர்ந்தவர்கள். அரசுகளும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் கைகோத்த அந்தப் பெரும்பணியில், இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹௌராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ள தென்கிழக்கு ஆசிய வட்டாரமே போலியோ அற்றது என்று சான்றளிக்கப்பட்டது. அத்தனை ஆண்டுகளும் சொட்டு மருந்து மையங்களில் உட்கார்ந்த ஊர்ச் சங்கங்களில் ஆண்டுதோறும் தலைவர் மாறினார், வேலை நிற்கவில்லை. முந்தைய செயலாளர் கோப்பை ஒழுங்காக ஒப்படைத்த சங்கங்களில் அது நடந்தது. நீங்கள் ஒரு பொறுப்பிலிருந்து விலகும்போது, பாதியில் நிற்கும் வேலைகள், தொடர்புகொள்ள வேண்டியவர்கள், வங்கிக் கையெழுத்து மாற்றம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். வேலை மாறும்போது அலுவலகத்தில் இதையே செய்துவிட்டு வந்தவரைப் பழைய நிறுவனம் நல்லபடியாகத்தான் நினைவில் வைத்திருக்கும்.

பல ரோட்டரி சங்கங்களில் கூட்டத்தின்போது நான்கு கேள்விகள் கொண்ட ஒரு சோதனையை எல்லோரும் எழுந்து நின்று சொல்வார்கள். மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுவதுதான் வழக்கமாகிவிட்டது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. அதை எழுதியவர் ஹெர்பர்ட் டெய்லர். 1932-இல் திவாலாகும் நிலையிலிருந்த ஒரு சிகாகோ அலுமினியப் பாத்திர நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. நாம் சொல்வதும் செய்வதும் உண்மையா, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமா, நல்லெண்ணத்தை வளர்க்குமா, எல்லோருக்கும் பயன் தருமா என்று கேட்டுப் பார்த்தே எதையும் செய்வது என்று முடிவெடுத்தார். வெவ்வேறு சமயப் பிரிவுகளைச் சேர்ந்த நான்கு துறைத் தலைவர்களிடம் காட்டி, உங்கள் நம்பிக்கைக்கு இது முரணா என்று கேட்டுக்கொண்ட பிறகே நடைமுறைப்படுத்தினார். முதலில் அடி வாங்கியது அவர்களுடைய விளம்பரம். ‘மிகச் சிறந்தது’, ‘இணையற்றது’ போன்ற, நிரூபிக்க முடியாத சொற்கள் எல்லாம் நீக்கப்பட்டன. நிறுவனம் மீண்டது. உங்கள் அடுத்த விலைப்புள்ளியையோ சுயவிவரக் குறிப்பையோ அனுப்புமுன் அந்த நான்கு கேள்விகளில் முதலாவதை மட்டுமாவது கேட்டுப் பாருங்கள். ‘குழுவை வழிநடத்தினேன்’ என்ற வரியில் எத்தனை பேர் கொண்ட குழு என்ற கேள்வி உடனே எழும்.

எந்தச் சங்கத்தில் சேர்வது? உறுப்பினர் ஒருவரின் விருந்தினராக இரண்டு மூன்று கூட்டங்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சொன்ன நேரத்துக்கு மணி அடிக்கிறார்களா என்று பாருங்கள். பொருளாளர் கணக்கைக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். பொன்னாடையும் புகைப்படமுமே முக்கால் மணி நேரத்தை விழுங்கினால் வேறு சங்கம் தேடலாம். பரிமாறும் பையனிடம் உறுப்பினர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; அதற்கு மேல் எனக்குச் சான்று வேண்டியதில்லை.

பணம் பற்றி வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். ஆண்டுச் சந்தாவோடு சாப்பாட்டுச் செலவு, மாவட்டத்துக்கும் உலகத் தலைமையகத்துக்கும் கட்டும் தொகை, பதவியேற்பு விழாவுக்கான பங்கு எல்லாம் சேரும். கையிருப்புக்கு அது அதிகம் என்றால் ரோட்டரியின் இளையோர் சங்கமான ரோட்டராக்ட் இருக்கிறது, 18 வயதிலிருந்து சேரலாம். முன்பு 30 வயதோடு விலக வேண்டியிருந்தது; 2020 ஜூலை முதல் அந்த உச்ச வரம்பு இல்லை. 40 வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஜேசீஸ் நல்ல இடம், பேச்சுப் பயிற்சியில் அவர்கள் கெட்டிக்காரர்கள். கடன் வாங்கிச் சந்தா கட்ட வேண்டாம்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ரோட்டரியில் பெண்கள் உறுப்பினராக, 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போக வேண்டியிருந்தது. 1989-இல்தான் உலகம் முழுவதற்கும் விதி மாறியது. 2022-23-இல் ஜெனிஃபர் ஜோன்ஸ் உலகத் தலைவரான முதல் பெண். நம் ஊர்ச் சங்கங்கள் பலவற்றில் இன்னும் குத்துவிளக்கு, வரவேற்பு, சந்தனம் என்றே பெண்களுக்குப் பொறுப்பு ஒதுக்குகிறார்கள். அதைச் சிரித்த முகத்தோடு மறுத்துவிட்டு, ‘எனக்குப் பொருளாளர் பொறுப்பு கொடுங்க, கணக்கு நான் பார்க்கிறேன்’ என்று கேளுங்கள். கூட்டம் ஒன்பதுக்குள் முடியுமா என்பதையும் சேரும்போதே கேளுங்கள். முடியாது என்றால், நேரத்தை முன்தள்ளச் சொல்லி முதல் கோரிக்கை வையுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை உள்ள ஆண்களும் உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

சங்கத்தில் சேர்ந்திருப்பதை அலுவலகத்தில் மேலாளரிடம் ஒரு வரியாவது சொல்லிவிடுங்கள். சங்க வேலையை அலுவலக நேரத்தில் செய்யாதீர்கள். உங்களுக்குக் கீழ் வேலை பார்ப்பவரிடமும், உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் வாடிக்கையாளரிடமும் நன்கொடை கேட்காதீர்கள். அவர் மறுக்க முடியாத இடத்தில் இருக்கிறார். அரசு ஊழியர்கள் முன் அனுமதி இல்லாமல் நிதி திரட்டுவதை நடத்தை விதிகள் தடுக்கின்றன. நீங்கள் அரசு ஊழியர் என்றால் நிதி திரட்டும் குழுவில் மட்டும் சேராமல் வேறு பொறுப்பு கேளுங்கள். நன்கொடை வாங்குபவர் யாராக இருந்தாலும் ரசீது அன்றே போக வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லி, வங்கி வழியாக வாங்குங்கள்.

ஜூலை முதல் தேதி பதவியேற்பு என்றால், அடுத்த தலைவர் தன் குழுக்களை ஏப்ரல், மே மாதங்களிலேயே யோசிக்கத் தொடங்கிவிடுவார். ஜூனில் போய்க் கேட்பவருக்கு மிச்சம் இருப்பதுதான் கிடைக்கும். பொங்கல் முடிந்ததும் விருந்தினராகப் போகத் தொடங்குங்கள். மார்ச்சுக்குள் சேர்ந்து, அடுத்த தலைவராகப் போகிறவரைத் தனியாகப் பார்த்து, ‘சார், எனக்குக் கண் முகாமில் பதிவு மேசையும், கூட்டக் குறிப்பு எழுதும் வேலையும் கொடுங்க’ என்று இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.